நாலாவது பிள்ளைக்கு அட்மிஷன்

ராசிபுரம் பேருந்து நிலையத்தில் ஏறுகிற செய்தி ஆண்டகளூர் கேட்டில் இறங்கும்போது கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டுதான் இறங்கும். சென்ற மாசியில் ஏறிய செய்தி இது: துண்டு, லுங்கி மொத்த வியாபாரம் செய்கிற பாலசுந்தரத்தின் மகன் தீனதயாளன், கொரியாவுக்கு இங்கிலீஷ் வாத்தியாராகப் போனவன், போன இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடிவிட்டு வந்துவிட்டானாம்.

கூட ஏறிக்கொண்டவை: ஒரு பையனை அடித்துவிட்டான். பள்ளி முதலாளியின் மகளோடு ஏதோ. அங்கே இவன் ஜாதகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். கடைசியாகச் சொன்னதைச் சொன்னவர் ஒரு ஜோசியர், தொழில் அபிமானம்.

சரி, சரிபார்த்துவிடலாம் என்று கிளம்பினால் விசாரணை ஒரே கடையில் முடிந்துவிட்டது. கடைவீதியில் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கும் ரஷீத், மை படிந்த கையைத் துடைத்தபடி சொன்னார்: "புரளியெல்லாம் இல்லீங்க. பள்ளிக்கூடத்த மூடுனது நெசந்தான். அதுக்கு நோட்டீஸ் போட்டுக் குடுத்ததே நானுங்க."

ஆக, மூடியது உண்மை. அடி, மகள், ஜாதகம் மூன்றும் பொய். உண்மை அவற்றைவிட மோசம் என்பது ஊருக்கு இன்னும் தெரியாது.

கொரியாவுக்குப் போகும் முன் தீனதயாளன் ராசிபுரத்துக்கு வெளியே ஒரு விடுதிப் பள்ளியில் ஐந்து வருடம் வேலை பார்த்தான். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கோழிப் பண்ணைக்கும் விடுதிப் பள்ளிக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் விடியும் முன்பே விளக்கு எரியும். அவன் பள்ளியில் பிள்ளைகள் நாலாயிரத்து இருநூறு. காலை ஐந்து மணிக்குப் படிப்பு. பிரிவுக்கு எண்பது பேர். மைக் பிடித்துத்தான் பாடம் நடத்துவான்.

மே மாதம் வேறு வேலை. வாத்தியார்கள் எல்லோரும் கையில் நோட்டீஸோடு ஊர் ஊராகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். பள்ளிக்குள்ளேயே அதற்கு 'புள்ள புடிக்கிற சீசன்' என்று பெயர். தலைக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். ஓமலூர் பக்கம் ஒரு வருடம், ஜேடர்பாளையம் பக்கம் ஒரு வருடம். வாசலில் சின்னச் செருப்பு கிடக்கிறதா, கொடியில் யூனிஃபார்ம் காய்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பான். தீனதயாளனின் கண் அதற்கே பழகிப்போனது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் எத்தனை ஐந்து வயது என்று எண்ணிவிடுவான்.

இந்திய ஆங்கில ஆசிரியர்களுக்குக் கொரியாவில் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்து, பி.எட். சான்றிதழை நாலு அலுவலகத்தில் முத்திரை வாங்கி அனுப்பினான். கிடைத்தது. தென்கோடியில் கடலோரக் கிராமம். அரசுத் தொடக்கப் பள்ளி. முதல் நாள் வருகைப்பதிவு எடுக்கத் தொண்டையைச் செருமினான். செருமி முடிப்பதற்குள் பதிவு முடிந்துவிட்டது. பள்ளியில் மொத்தம் ஐந்து பிள்ளைகள். வேலை பார்ப்பவர்கள் ஒன்பது பேர்.

"பாய், இங்க புள்ளைங்கதான் நம்மள மாத்தி மாத்தி கவனிச்சுக்குதுங்க" என்று ரஷீத்துக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டான்.

"குடுத்து வெச்சவன்யா நீ வாத்தியாரே. அனுபவி."

அனுபவித்தான் என்றுதான் சொல்ல வேண்டும். அறையின் தரையே அடியிலிருந்து சூடாகும். குளிர்காலத்தில் தோசைக்கல் மேல் படுத்த மாதிரி புரண்டு புரண்டு தூங்கினான். ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்றே பஸ். சனிக்கிழமைகளில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வேறு பஸ் மாறி, ரயில் மாறி சியோல் வரை போவான். அரண்மனை வாசலில் ஒரு போட்டோ, ஆற்றங்கரையில் ஒரு போட்டோ. பொதுக் குளியல் விடுதியில், எல்லோருக்கும் கொடுக்கிற ஒரே மாதிரி அரைக்கால் சட்டையில், முன்பின் தெரியாத ஐம்பது பேரோடு தரையில் படுத்துத் தூங்குவான். திரும்பிவந்து போட்டோவை அம்மாவுக்கு அனுப்புவான். அங்கம்மாள் அரண்மனையைப் பார்க்கமாட்டார். "ஏங்கண்ணு, கன்னம் ஒட்டிப்போச்சே. சோறு திங்கிறயா இல்லியா சாமி?" என்பார்.

சோறு கிடைத்ததற்குக் காரணம் மிசுக். பள்ளியில் சமையல் செய்கிற ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. தீனதயாளன் வீட்டில் கவிச்சி கிடையாது. அங்கே ஊறுகாயில்கூட மீன் சாறு. முதல் வாரம் அவன் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை, மீன் சாறு விடாமல் தனியாகப் போட்ட கிம்ச்சி ஊறுகாயை நீல மூடி டப்பாவில் அடைத்து அவன் கையில் திணித்தாள். அக்கம்பக்கத்துப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது ராசிபுரத்து வழக்கம். அம்மா அனுப்பிய கடலை மிட்டாயைப் போட்டுக் கொடுத்தான். அவள் ஊரிலும் அதே வழக்கமாம். மறுபடி கிம்ச்சி வந்தது. அந்த டப்பா ஒரு வருடமாக எந்தப் பக்கமும் காலியாகப் போகவில்லை.

டிசம்பரில் தலைமையாசிரியர் எல்லோரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் முடித்துப் போகிறார்கள். மிச்சம் மூன்று. மார்ச்சில் ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளையாவது சேரவில்லையென்றால் பள்ளியை மூடி, இருக்கிற மூவரையும் டவுன் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். தீனதயாளனுக்கு ஒப்பந்தம் நீளாது. மிசுக்குக்கு வேலை போகும்.

"ஆனால் கவலை வேண்டாம்" என்று அவர் சிரித்தார். "ஹனா வருகிறாள். அவள் அம்மா சரி சொல்லிவிட்டாள்."

ஹனா, கிராமத்தில் பள்ளி வயதை எட்டிய ஒரே குழந்தை. அவள் அம்மா லியென் வியட்நாமிலிருந்து கல்யாணமாகி வந்தவள். கடற்பாசி காய வைக்கிற கொட்டகையில் வேலை.

இந்த இடத்தில் தீனதயாளன் செய்ய வேண்டியிருந்த காரியம் ஒன்றுதான்: சும்மா இருப்பது. அவனுக்குப் பதில் மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ ஒருவன் போயிருந்தால் சூடான தரையில் படுத்துக் கிடந்திருப்பான். நாமக்கல் வாத்தியாரால் முடியுமா? வாய்வார்த்தையில் நிற்கிற அட்மிஷன் அவனுக்கு அட்மிஷனே இல்லை.

"பாய், அவசரம். ஒரு நோட்டீஸ் டிசைன் பண்ணு."

"கொரியாவுக்கா? அவுங்க எழுத்து வட்டமும் கோடுமா இருக்குமேய்யா."

"நான் அனுப்பறத அப்படியே ஒட்டு. நம்மூரு மாதிரியே இருக்கோணும்."

நம் ஊர் மாதிரியே வந்தது. உதிக்கிற சூரியன், பட்டம் வாங்குகிற தொப்பி, 'சேர்க்கை நடைபெறுகிறது', கீழே முட்டை வடிவத்தில் சாதனை மாணவர் படம். மூன்றாம் வகுப்பில் முதலிடம்: சோயுல். மூன்றாம் வகுப்பில் இருந்ததே சோயுல் ஒருத்திதான் என்பதை நோட்டீஸ் சொல்லவில்லை. நோட்டீஸ்கள் எங்கேதான் சொல்லியிருக்கின்றன?

டவுன் கடையில் இருநூறு பிரதி எடுத்துக்கொண்டு, ஐந்து சனிக்கிழமை, பதினோரு கிராமம் அலைந்தான். பனியில் வாசல் வாசலாகச் செருப்பு தேடினான். எல்லாம் பெரிய செருப்பு. ஒரு வீட்டு முன்னால் குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளைப் பார்த்து ஓடினான். கதவைத் திறந்த பெரியவர், அதை ஓட்டிய பையனுக்கு இப்போது நாற்பது வயது, சியோலில் லிஃப்ட் கம்பெனி என்றார். பல வீடுகளில் ஆளே இல்லை. இருந்த வீடுகளில் உட்கார வைத்து உலர்ந்த சீமைப் பனிச்சம்பழம் கொடுத்தார்கள். நோட்டீஸைக் கையில் வாங்கிப் பார்த்து, 'குழந்தை அழகாக இருக்கிறாள்' என்றார்கள். பதினோரு கிராமத்தில் அவனுக்குக் கிடைத்தது ஒன்பது கிலோ பழம்.

ஆறாவது சனிக்கிழமை, வேறு வழியில்லாமல், ஏற்கெனவே உறுதியான அட்மிஷனை உறுதிப்படுத்த லியென் வீட்டுக்குப் போனான்.

இரண்டு பேருக்கும் கொரிய மொழி அரைகுறை. அதனாலேயே இரண்டு பேரும் நேராகப் பேசினார்கள். அவன் வழக்கமான வரிசையில் ஆரம்பித்தான்: எதிர்காலம், போட்டி, ஒழுக்கம், இங்கிலீஷ். ஓமலூரில் சொன்னது, ஜேடர்பாளையத்தில் சொன்னது, மொழி மட்டும் வேறு. லியென் தலையாட்டிக்கொண்டே நோட்டீஸைப் பார்த்தாள்.

"உங்கள் ஊரில் நீங்கள் பெரிய வாத்தியாரா?"

அங்கேதான் வாய் முந்திக்கொண்டது. போனை எடுத்துப் பழைய பள்ளியின் காலைப் பிரார்த்தனைப் படத்தைக் காட்டினான். மைதானம் கொள்ளாமல் வெள்ளைச் சட்டைகள்.

"எத்தனை குழந்தைகள்?"

"நாலாயிரத்து இருநூறு."

லியென் படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். "எல்லோரும் படிக்கிறார்களா?"

"காலை ஐந்து மணியிலிருந்து."

"எல்லோருக்கும் நண்பர்கள் இருக்கிறார்களா?"

இந்தக் கேள்வியை ஐந்து வருடத்தில் எந்தப் பெற்றோரும் அவனிடம் கேட்டதில்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து வந்த கேள்வி. "நிறைய" என்றான்.

அவள் நோட்டீஸில் விரலை வைத்தாள். "இந்த முதல் மாணவி. இவள் வகுப்பில் எத்தனை பேர்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊர் முழுக்க சோயுல் யாரென்று தெரியும். "ஒருத்தி" என்றான்.

லியென் நோட்டீஸை மடித்து வைத்தாள். டீ கொடுத்தாள். வாசல் வரை வந்து, குனிந்து நன்றி சொன்னாள். அவன் சந்தோஷமாகத் திரும்பி, "அட்மிஷன் கன்ஃபார்ம் பாய்" என்று ரஷீத்துக்குச் செய்தி போட்டான்.

பத்து நாள் கழித்து தலைமையாசிரியர் மறுபடி எல்லோரையும் உட்கார வைத்தார். ஹனாவை டவுன் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஒரு வகுப்பில் இருபத்து மூன்று பேர். "அவள் அம்மா திடீரென்று மனசு மாறிவிட்டாள்" என்றார். "ஏனென்று தெரியவில்லை."

தெரிந்த ஒரே ஆள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் மிசுக். அவள் அவன் முழங்கையைத் தட்டி, பனியில் அத்தனை ஊர் அலைந்தாயே, பாவம், உன் உழைப்பு வீணாகிவிட்டதே என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிப்ரவரியில் பள்ளிக்கு விடைகொடுத்தார்கள். பேனர் கட்டி, பாட்டுப் பாடி, ஐந்து பிள்ளைகளும் ஒன்பது பேரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வழிக்கு வேண்டும் என்று மிசுக் நீல மூடி டப்பாவை நிரப்பிக் கொடுத்தாள். அடுத்து நிரப்பித் தர வேண்டியது அவன் என்பதும், திருப்பிக் கொடுக்க நாளில்லை என்பதும் இருவருக்கும் தெரியும். விமான நிலையம் போகிற பஸ்ஸில்தான் அவனுக்கு அழுகை வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கிம்ச்சி வாசனை தாங்காமல் எழுந்து போயிருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

பழைய பள்ளி அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இந்த வருட நோட்டீஸில் முட்டை வடிவத்தில் அவன் படம்: 'கொரியா புகழ் ஆங்கில ஆசிரியர்'. அச்சடித்தது ரஷீத்தான். இந்த மே மாதம் அவனை ஆத்தூர் பக்கம் போட்டார்கள். தலைக்குப் பதினைந்து பிள்ளைகள். வெயிலில் மூன்று தெரு நடந்தால் ஒரு சின்னச் செருப்பு. "எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார்" என்று கதவுக்குக் கதவு பதில். நரசிங்கபுரத்தில் ஒரு வீட்டில் கயல்விழி என்று ஒரு பெண், ஆறு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்க ஸ்கூல்ல எத்தினி பசங்க சார்?"

"நாலாயிரத்து இருநூறுங்க" என்றது அவன் வாய்.

அட்மிஷன் கிடைத்தது. அந்தக் குழந்தை மடியிலிருந்து இறங்கிப்போய்த் தன் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்ததை அவன் மட்டும் பார்த்தான். படிவத்தை நிரப்பினான்.

டப்பா இப்போது ராசிபுரத்தில், அங்கம்மாளின் சமையலறை அலமாரியில் இருக்கிறது. "அடுத்தவுங்க பாத்தரம் ஊட்டுல இருக்கப்படாது கண்ணு" என்று முறுக்கு போட்டுக் கொடுத்தார். முகவரி தெரியாததால் பள்ளிக்கூட முகவரிக்கே அனுப்பினான். ஏழு வாரம் கழித்து, அட்டைப் பெட்டியில் கொரிய எழுத்தில் ஒரு ரப்பர் முத்திரையோடு திரும்பி வந்தது. பள்ளியை மூடினால் மகன் வீட்டோடு போய்விடுவேன் என்று மிசுக் சொல்லியிருந்தாள்; அது எந்த ஊர் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. போன் எண்ணும் மாறியிருக்கிறது.

"என்னடா எழுதியிருக்குது அதுல?"

"ஆள் இல்லைன்னு போட்டிருக்குதும்மா."

"ஆளில்லன்னா வேற வெலாசம் வாங்கு. கேக்கறதுக்கு ஒருத்தருமா இல்ல அந்த ஊர்ல?"

கேட்பதற்கு லியென் இருக்கிறாள். அவள் எண் அவன் போனில் இன்னும் இருக்கிறது. அவன் கூப்பிடவில்லை. சிக்கு வாடை அடித்த முறுக்கை அங்கம்மாள் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார். நாளைக்கு எள்ளுருண்டை பிடிக்கப் போகிறாராம்.