சாயங்காலம் மட்டும் குருடு

போன வாரம் சென்ஸஸ் கணக்கெடுக்க ஓர் ஆசாமி பவானிப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெயர், வயது, ஜாதி, பாஷை எல்லாம் எழுதிக்கொண்டார். கடைசிக் கேள்வியில்தான் வந்தது வினை.

"வீட்டில் குருடர் உண்டா?"

"உண்டு... சாயங்காலத்தில் மட்டும்" என்றேன்.

பேனா நின்றது.

பக்கத்தில் நின்ற என் மனைவியின் தம்பி ரமணியைத்தான் சொன்னேன். கப்பல் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். பகலில் பொடி எழுத்தைக்கூடப் படிப்பான். வெளிச்சம் மங்கினால் போச்சு — எதிரே நிற்கும் தூண் தெரியாது. விழித்திரையில் ஏதோ அபூர்வ வியாதியாம். மருந்தும் கிடையாது, மூக்குக்கண்ணாடியும் உதவாது என்று கண் டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"ரெண்டு கண்ணும் அடியோட தெரியலேன்னாத்தான் எழுதணும், மொஷாய். இவர் என்னைப் பார்க்கிறாரே!" என்றார் அந்த வங்காளி ஆசாமி.

"ஆறு மணிக்கு வந்து கேளுமேன்!"

வருவாரா? 'குருடு இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இதற்கா இத்தனை ஆத்திரம் என்கிறீர்களா? கேளுங்கள். மறுநாள் அந்தி வேளையில், ஆபீஸ் வராந்தாவில், ரமணி தன் துரையின் மேலேயே போய் மோதிவிட்டான். குடித்திருக்கிறான், வேலையை விட்டு நில் என்று துரை சொல்லிவிட்டார்.

"அத்திம்பேர், காப்பியைத் தவிர நான் எதையும் குடிச்சதில்லைன்னு நீங்களாவது வந்து சொல்லுங்கோளேன்" என்று அழுதான்.

போனேன். வியாதியைச் சொன்னேன். துரை சிரித்தார். "அப்படி ஒரு வியாதி இருந்தால், தேசத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கணக்கு எங்கே?"

கணக்கா! எண்ண மாட்டேன் என்கிறார் ஒருவர். எண்ணவில்லையே, அதனால் நம்ப மாட்டேன் என்கிறார் இன்னொருவர். நடுவில் அகப்பட்டவன் என்ன செய்வான்?

ரமணியையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். வங்காளி; என்னைவிடக் கோபக்காரர்.

"இந்த வியாதி எத்தனை பேருக்கு என்று நானும் ஊர் ஊராக டாக்டர்களுக்கு எழுதிக் கேட்கிறேன். பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. மாலைக்கண் என்று வந்தால் ஆட்டு ஈரல் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிடுவோம், கண்ணுக்குள்ளே யார் பார்ப்பது என்கிறார் ஒருவர்!" — மேஜையில் ஓங்கிக் குத்தினார்.

கோட்டை மாட்டிக்கொண்டு எங்களோடு டிராம் ஏறினார். துரையின் அறையில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, மூலையில் இருந்த நாற்காலியில் போய் உட்காரும்படி ரமணியிடம் சொன்னார். மங்கல்தான், எனக்கு நாற்காலி நன்றாகவே தெரிந்தது. அவன் அலமாரியில் முட்டிக்கொண்டான். பிறகு குனிந்து, கையால் துழாவ ஆரம்பித்தான்... எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

துரையே எழுந்து திரையை விலக்கினார். "நாளையிலிருந்து இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடு" என்றார். மன்னிப்பா? அதெல்லாம் வராது!

வாசலில் ரமணி தயங்கித் தயங்கி டாக்டரிடம் கேட்டான்: "என்னை மாதிரி வேற யாராவது...?"

"பெஹாலாவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார்."

நேற்று ஞாயிறு. காலையிலேயே அங்கே கிளம்பிவிட்டான். யார் எந்தப் படியில் உருண்டோம், யார் எந்தச் சாக்கடையில் விழுந்தோம் என்று மத்தியானம் வரை இரண்டு பேரும் பேசிச் சிரித்தார்களாம். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பியவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

மருந்து கண்டுபிடிப்பது அப்புறம் ஆகட்டும். தான் ஒருவன் மட்டும் இல்லை என்று அவனவனுக்குத் தெரியவாவது, யாராவது எண்ணித் தொலையுங்களேன், ஐயா!