ஓபிர் மெதுவாகப் போட்ட பாட்டு

ஓபிரின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் நாத்தனார் மகன் வில்மரின் வாயிலிருந்துதான். "ஓபிர்னு ஒருத்தி எங்களோட சேர்ந்திருக்கா அத்தை. சும்மா உக்காந்திருக்கற கிழவனைக்கூட எழுப்பி ஆட விட்டுடறா" என்றான்.

வில்மர், தையல்காரி எதில்மா, ஓபிர், மூன்று பேருமாக, காலி என்ற எங்கள் ஊரின் ஒப்ரேரோ பேட்டையில் தோன் எலியேசரின் பாரில் ஞாயிறு பிற்பகல்களில் ரெக்கார்டு போடுவார்கள். பிளேயர் வில்மரின் பொறுப்பு. பாட்டோடு சேர்ந்து எதில்மா மணி தட்டுவாள். எதற்குப் பின்னால் எது என்பதை ஓபிர் முடிவு செய்வாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மனத்தில் ஓர் அரிப்பு. அவள் வயிற்றில் இருக்கும்போதே அப்பன் தெயோபிலோ கப்பலேறி நியூயார்க் போனவன், திரும்பவில்லை. பிறகு ஒரு மாலுமி வந்து எலியேசரிடம் ஒரு ரெக்கார்டை விற்றான். "இதுல தெயோபிலோ குரல் இருக்கு. பதியறப்போ கூடவே நின்னான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் பாட்டு பேட்டைக்கே செல்லப் பாட்டாகிவிட்டது. ஆனால் எத்தனை தரம் கேட்டும் ஓபிருக்கு அதில் அப்பன் அகப்படவில்லை. பாடுகிறவர்கள் எல்லோருக்கும் கீச்சுக்குரல். அவள் அம்மா பஸ்தோராவோ, "உங்கப்பன் பேசினா அண்டாவைத் தரையில இழுத்த மாதிரி இருக்கும்" என்பாள். பாட்டின் நடுவே ஒரு பறவை வேறு கத்தும். அந்த இடம் வந்ததும் பார் முழுக்க அதேபோல் கத்தி ஆடும். மாலுமி புளுகியிருக்கிறான் என்று ஓபிர் விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிறு வில்மர் எங்கோ பிடித்த பழைய பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தான். வேகம் மாற்றும் பித்தானைக் கவனிக்காமல் அந்த ரெக்கார்டை வைத்துவிட்டான். கீச்சுக்குரல் இருந்த இடத்தில் கனத்த ஆண்குரல் வந்தது.

"யாருடா செத்தது?" என்று ஆடினவர்கள் கூச்சலிட, வில்மர் பதறிப் பித்தானைத் தட்டினான்.

"இப்ப என்ன பண்ணின?" என்றாள் ஓபிர்.

"மெதுவா ஓடுச்சு, வேகமாக்கினேன்."

"அட்டையில என்ன போட்டிருக்கு?"

"மெதுவாத்தான் போடணும்னு இருக்கு. நம்ம ஊர்ல யாரு அப்படிப் போடறா?"

அதுவும் சரிதான். மந்தமான பாட்டை வேகமாக ஓட்டி ஆடுவது எங்கள் காலி நகரத்துப் பழக்கம். ஓபிருக்கும் அது தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து ஒரே மாதிரி கேட்ட பாட்டை யாருக்குச் சந்தேகப்படத் தோன்றும்?

எலியேசரிடம் போய் நின்றாள். "ஒரு தரம் மெதுவாப் போடறேன் தோன் எலியேசர்."

"இது என்ன எழவு வீடா? எல்லாரும் எதிர் பாருக்குப் போயிடுவாங்க."

"அப்ப வீட்டுக்காவது குடுங்க."

"அந்த ரெக்கார்டு என் வாசல் தாண்டாது."

"சரி, இனிமே நானும் உங்க வாசல் தாண்டி உள்ள வரல. நீங்களே போட்டுக்குங்க."

எலியேசர் வில்மரைப் பார்த்தார். வில்மர் கூரையைப் பார்த்தான். "போட்டுத் தொலை" என்றார்.

பஸ்தோரா எதிர் நடைபாதையில் சொந்தாதூரோ பழத்தைத் தோல் சீவி, உப்பும் தேனும் தடவி விற்பவள். பார் வாசலை மிதிப்பதில்லை என்று வைராக்கியம். ஓபிர் ஸ்பீக்கர் பெட்டியைத் தெருப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஊசியை இறக்கினாள்.

பாட்டு ஊர்ந்தது. எதில்மாவின் கை எங்கே தட்டுவதென்று தெரியாமல் நின்றது. ஆடினவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள், சிலர் எதிர் பாருக்கே நடந்தார்கள். ஓபிர் ஒவ்வொரு குரலாகப் பொறுக்கிப் பார்த்தாள். அண்டா இழுக்கிற குரல் எதுவும் இல்லை. பறவை கத்தும் இடம் வந்தது. பறவையைக் காணோம். ஓர் ஆள் சிரித்தான். கரகரவென்று, நிறுத்தத் தெரியாதவன் மாதிரி நீளமாகச் சிரித்தான்.

நிமிர்ந்தால், பழம் சீவுகிற கத்தியோடு பஸ்தோரா பாருக்குள் நிற்கிறாள்.

"அவன்தான். பொய் சொல்லி மாட்டிக்கிட்டா இப்படித்தான் சிரிப்பான்."

"நிஜமாவாம்மா?"

"எனக்குத் தெரியாதாடி? வாராவாரம் அங்க உக்காந்து கேட்டுக்கிட்டேதானே இருந்தேன், ஏதோ கோழி கத்துதுன்னு."

எலியேசர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வேணாம், அங்க ஆளு நிக்கறாங்க" என்று பஸ்தோரா தெருவைக் கடந்து போனாள். ஓபிர் ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்தாள், மெதுவாகவே. அந்த நாற்காலியில் எலியேசரே உட்கார்ந்து கேட்டார்.

ஓபிர் இப்போது ஒப்ரேரோவில் அம்மாவோடு ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எலியேசரின் பாரில் ரெக்கார்டு போடுகிறாள்.