காமதேனுவின் இடது இறக்கை

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம் நடந்தவை:

1. கோயிலின் காமதேனு வாகனம் வர்ணம் பூச எங்கள் வீட்டுக்கு வந்தது.
2. திருவிழாவுக்கு அம்மா வந்தாள்.
3. வாகனத்தின் இடது இறக்கை காணாமல் போனது.
4. அம்மா திரும்பிப் போனாள்.

மூன்றாவதைச் செய்தது நான். நான்காவது நடக்கக் கூடாது என்பதற்காக.

அம்மாவுக்குப் பெங்களூரில் வேலை. முதலில் ஞாயிறுதோறும் வந்தாள், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு பண்டிகைக்கு மட்டும். ஓசூரிலிருந்து தினமும் போய்வருகிறவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருந்தார்கள். அதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

அப்பா ஒரு வாகனத் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் இருந்தார். கம்பெனி விட்டு வந்ததும் காமதேனுவின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். உடம்பை இரண்டு நாளில் முடித்தவர், முகத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பார்க்க வந்த சித்தப்பா சிரித்தார்.

"என்னண்ணா, அண்ணி மொகத்த அப்படியே எறக்கி வெச்சிருக்கே."

அப்பா பிரஷ்ஷைக் கழுவினார். பசு உடம்புக்கு எதற்குப் பெண் முகம் என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

"ஒடம்பு குடுக்கறதுக்கு பாப்பா. மொகம் நம்ம கஷ்டத்தக் கேக்கறதுக்கு."

"றெக்கை?"

"இங்கியே இருந்தது போதும்னு தோணுனா கெளம்பிப் போறதுக்கு."

இறக்கைகள் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தன. திருவிழா அன்று காலை, அம்மா வருவதற்கு முன், இடது இறக்கையை உருவி என் கட்டில் மெத்தைக்கு அடியில் வைத்தேன். ஒன்று போதும் என்பது என் கணக்கு.

வாகனத்தை எடுக்க வந்த தர்மகர்த்தா சத்தம் போட்டார். "ஒத்த றெக்கையோட சாமி எப்படிப்பா போகும்?"

"பறந்தா போவுது? எட்டுப் பேரு தோள்லதானே போவுது," என்றார் சித்தப்பா.

அப்பா வீடு முழுக்கத் தேடினார். கடைசியாக என் மெத்தையின் ஓரத்தைத் தூக்கினார். நான் கதவோரம் நின்றிருந்தேன். ஒரு நிமிடம் பார்த்தார். மெத்தையை இறக்கி, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, வெளியே போய், "இங்க இல்லைங்க, பூ வெச்சு மறைச்சுக்கலாம்," என்றார்.

வாகனம் எங்கள் தெருவுக்கு வந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பூச்சரம் நழுவி வெற்றுத்தோள் தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு நல்லா வந்திருக்கு," என்றாள் அப்பாவிடம்.

"ம்," என்றார் அப்பா.

ஐந்தரை மணி பஸ்ஸுக்கு அம்மா கிளம்பினாள். இரண்டு இறக்கைகளையும் எடுத்திருக்க வேண்டும் என்று நினைத்து அழுதேன். மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது மெத்தைக்கு அடியில் எதுவும் இல்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

திருவிழா அன்று மெத்தையைத் தூக்கியபோது அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, மறுநாள்தான் கண்டுபிடித்தார் என்று வெகுகாலம் நம்பினேன். கார் கதவில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடிப்பதுதான் கம்பெனியில் அவருடைய வேலை.

அம்மா பெங்களூரில் இருக்கிறாள். அப்பா ஓசூரில் இருக்கிறார். விவாகரத்துக்கு இதுவரை இருவருமே மனு போடவில்லை.