வேர்க்குரு இல்லாத குழந்தை

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் வேர்க்குரு இருந்தது, என் மகளைத் தவிர. வேறொரு தாய் இதைக் கண்டு நிம்மதி அடைந்திருப்பாள். எனக்குப் பயம் வந்தது.

எழுபதுகளின் பிற்பகுதி. நான் சங்கரன்கோவிலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். கணவருக்குக் குருவிகுளத்தில் வேலை. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். மூன்று மாதக் குழந்தையோடு நாங்கள் குடியிருந்தது மாடியில் ஒற்றை அறை. மேலே சிமெண்ட் ஷீட். பகல் பதினொரு மணிக்கு மேல் சுவரில் கை வைக்க முடியாது. நான் ஆற்றங்கரை ஊரில் பிறந்தவள். வாய்க்காலும் வாழைத்தோப்புமாக வளர்ந்த எனக்கு வெயில் இப்படியும் அடிக்கும் என்று அந்த ஊருக்கு வந்துதான் தெரிந்தது.

பிரசவ விடுப்பு பங்குனியில் முடிந்தது. அப்பா படுக்கையில் கிடந்ததால் என் அம்மாவால் வர முடியவில்லை. மாமியார் இல்லை. கீழே பின்கட்டில் குடியிருந்த அக்காதான், "நான் பாத்துக்கிடுதேன், விட்டுட்டுப் போ" என்றாள். நாற்பது வயது இருக்கும். அவள் கணவர் பின்தெருவில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டினார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலையில் இருந்தார்கள். மாதாமாதம் ஏதோ கொடுப்பதாகப் பேசிக்கொண்டோம். அவள் அதிகம் பேசமாட்டாள். முதலில் அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வாரம் ஆனதும் கவனிக்க ஆரம்பித்தேன். ஆறு மணிக்கு நான் போய் வாங்கும்போது குழந்தையின் நெற்றி குளிர்ந்திருக்கும். முதுகில் ஒரு பொட்டு வியர்வை இருக்காது. காலையில் போட்ட சட்டை லேசாக ஈரமாக இருக்கும். கண்கள் பாதி மூடியபடி, யாரையும் தேடாமல் என் தோளில் சாய்ந்துகொள்ளும்.

"பகல்ல தூங்கினாளாக்கா?"

"தூங்குனா."

"எவ்வளவு நேரம்?"

"பிள்ளைன்னா தூங்கும் தாயி. இதுக்கு மணியா பாக்க முடியும்?"

மாடிக்கு வந்ததும் கதையே மாறிவிடும். ராத்திரிச் சாப்பாடு வரை ஒரே அழுகை. அறை அடுப்பு மாதிரி இருக்கும். கணவர் வந்ததும் வராததுமாக வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஷீட்டின் மேல் தண்ணீர் ஊற்றுவார். அது சுர்ரென்று ஆவியாகி, முன்னைவிட அதிகப் புழுக்கத்தைக் கிளப்பும். இரண்டு நாளுக்கு ஒருமுறை குழாயில் வரும் தண்ணீரைக் கூரையில் கொட்டுகிறோமே என்று வீட்டுக்காரர் கீழே நின்று சத்தம் போட்டார். பிறகு தென்னங்கீற்று வாங்கிப் பரப்பினோம். வாசலில் என் பழைய சேலையை நனைத்துக் கட்டினோம். சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்து வெறும் தரையில் படுத்த கணவருக்கு மூன்றாம் நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். இத்தனை செய்தும் எங்களுக்குக் கழுத்தெல்லாம் கொப்புளம். குழந்தைக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் விரல்களை மெஷினிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அழாம தூங்குதுன்னா நல்லா விசாரிச்சுக்கோங்க. எங்க தெருவுல ஒருத்தி பிள்ளை பாத்துக்கிடுதேன்னு சொல்லி, துளி அபினை உரசிக் குடுத்துட்டு அவ பாட்டுக்கு ஊர் சுத்திக்கிட்டு இருந்தா."

அன்று மாலை குழந்தையை வாங்கியதும் முத்தம் கொடுப்பதுபோல் குனிந்து அதன் வாயை முகர்ந்து பார்த்தேன். பால் வாசனைதான். மறுநாளும் முகர்ந்தேன். விளக்கைப் பக்கத்தில் பிடித்துக் கண்மணியைப் பார்த்தேன். எப்படி இருந்தால் தப்பு என்று எனக்கே தெரியாது, ஆனாலும் பார்த்தேன். புருவத்தில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. ஒருநாள் குழந்தையின் காதுக்குள் சின்னப் பஞ்சு உருண்டை ஒன்று இருந்தது. அதை எடுத்துத் தீப்பெட்டிக்குள் போட்டு, கணவர் வந்ததும் காட்டினேன்.

"காதுல எண்ணெய் விட்டிருப்பா," என்றார்.

"எண்ணெய் இல்ல. காஞ்ச பஞ்சு."

"சந்தேகமா இருந்தா நேர கேட்டுரு."

"கேட்டு, அவ கோவிச்சுக்கிட்டான்னா நாளைக்குப் பிள்ளையை எங்க விடுறது?"

அவர் தீப்பெட்டியை மூடி என்னிடமே தந்தார். எங்களுக்கு வேறு ஆள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக உளவு பார்த்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பு வாங்கும் சாக்கில் அக்காவின் அடுப்படிக்குப் போனேன். அவள் கொல்லைப்பக்கம் போன நேரத்தில் மாடத்தில் இருந்த சீட்டு ஒட்டாத பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். விளக்கெண்ணெய். அவள் திரும்பி வந்தபோது நான் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உப்பைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தாள்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் பெர்மிஷன் போட்டுவிட்டு மத்தியானமே கிளம்பினேன். குடையை விரித்தும் காது சுட்டது. பின்கட்டுக்குப் போனால் கதவில் பூட்டு. தட்டினேன். பூட்டிய கதவைத் தட்டுகிறோம் என்பதுகூட உறைக்கவில்லை.

வீட்டுக்காரர் மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அவளைத் தேடுதியா? பதினோரு மணிக்கெல்லாம் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாளே."

"இன்னைக்கா?"

"தினமும்தான். உனக்குத் தெரியாதாக்கும்?"

"எங்க போவாங்க?"

"தறிக்கூடத்துப் பக்கந்தான் போறா. வேற என்ன எனக்குத் தெரியும்."

நடந்தேனா ஓடினேனா என்று நினைவில்லை. பின்தெருவில் திரும்பியதுமே தறிச் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. இருபது தறிகள் ஓடும் கூடம். உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அக்காவின் கணவர் என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தாமலே கையைப் பின்பக்கம் காட்டினார். முகத்தில் ஒரு திகைப்பும் இல்லை. நான் வருவேன் என்று எதிர்பார்த்தவர் போல இருந்தது.

பின்னால் இருந்தது நூல் வைக்கும் அறை. பழைய கட்டடம், தடித்த சுவர், மேலே ஓடு. ஜன்னல்களில் நனைத்த சாக்குகள் தொங்கின. தரையில் மணலைப் பரப்பித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். உள்ளே கால் வைத்ததும் எங்கள் ஊர் வாய்க்காலில் இறங்கியது போல உடம்பு சிலிர்த்தது. அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் ஏற்றும் வேலை. அவள் கால் எட்டும் தூரத்தில், உத்திரத்தில் சேலைத் தொட்டில். அதற்குள் என் மகள், இரண்டு காதிலும் பஞ்சோடு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் தொட்டிலுக்குள் கைவிட்டு மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது.

அக்கா ராட்டையை நிறுத்தினாள். கதவைச் சாத்தியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா விட்டிருப்பியா? தறிக்கூடத்துல பிள்ளையப் போடுதேன்னா எந்தத் தாய் சரிம்பா?"

"அதுக்காக ஒளிக்கிறதா?"

"என் வீட்டுலயும் தகரந்தான் தாயி. மொத நா பிள்ள செவந்துபோய்ப் பால் கக்கிருச்சு. இங்கன நூலு காஞ்சா அறுந்துபோவும்னு நனைச்சுப் போடுதாங்க. நூலுக்குச் செய்யுதத பிள்ள அனுபவிச்சா என்னன்னு தூக்கிட்டு வந்தேன். எனக்கும் தார் சுத்துன மாதிரி ஆச்சு."

என் பார்வை தொட்டிலைவிட்டு அகன்று, அவள் பக்கத்தில் இருந்த தூக்குச்சட்டி, அலமாரி, ஜன்னல்மாடம் என்று அலைந்துகொண்டிருந்தது. அதை அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"தினமும் பிள்ள வாய மோந்து பாக்கேல்லா, எனக்குத் தெரியும். வீட்டுல பாட்டிலத் தொறந்து பாத்தது தெரியும். இங்கனயும் என்ன வேணுமோ பாத்துக்கோ. நான் ஒண்ணும் குடுக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். பிறகு ஈரச் சாக்கை ஓரமாகத் தள்ளி எனக்கு உட்கார இடம் கொடுத்தாள். நான் உட்கார்ந்தேன். கழுத்துக் கொப்புளங்களின் எரிச்சல் அடங்குவது தெரிந்தது. அந்தக் குளிர்ச்சியில் சுகமாக இருந்ததுதான் எனக்கு அன்று மிகவும் அவமானமாக இருந்தது.

தூக்கத்துக்கும் அழுகைக்கும் காரணம் பிறகுதான் புரிந்தது. தறி ஓடினால் மகள் தூங்குவாள். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள். மின்வெட்டு நாளில் கூடம் அமைதியானதும் அவள் அழுத அழுகையில் தறிக்காரர்கள் சிரித்தார்களாம். எங்கள் மாடியின் அமைதிதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் என் மனம் உடனே தெளிந்துவிடவில்லை. பஞ்சுத் தூசு நெஞ்சில் சேருமோ என்று மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, தொட்டிலுக்கு மேல் மெல்லிய துணி போடும்படியும் மூக்கைத் துடைத்துவிடும்படியும் சொன்னார். வேட்டித் துணியில் ஒரு மூடி தைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானே கூடத்துக்குப் போய்ப் பால் கொடுத்தேன். பால் கொடுக்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அக்கா என்ன செய்கிறாள் என்று பார்க்கவும்தான் போனேன். சனிக்கிழமை மத்தியானங்களில் கணவரும் வந்து ஈர மணலில் காலைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இடுப்பு வலி போன பிறகும் வந்தார். அக்கா அவரோடு சிரித்துப் பேசினாள். என்னிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

அடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்தது. நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்த அன்றே மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்து பார்த்தது. அந்தப் பெண்ணின் இடுப்பிலும் கைக்குழந்தை. பகலில் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டாள். நான் சட்டென்று, "கீழே அக்கா இருக்காங்க, தங்கமா பாத்துக்கிடுவாங்க" என்று அழைத்துக்கொண்டு போனேன்.

அக்கா அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம் தாயி," என்றாள் அந்தப் பெண்ணிடம். "பிள்ளையப் பாத்துக்கிடலாம். பெத்தவ நம்மளப் பாக்குத பார்வையத்தான் தாங்க முடியல."

என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புதிதாக வந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. மாடி வெயில் பொல்லாதது, கீற்று போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் நான் அவளிடம் சொன்னேன். பிறகு வண்டியில் ஏறி, மகளை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா வாசல் வரை வந்து, என் மகளின் பாதத்தைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றாள். என்னிடம் போய்வா என்று சொல்லவில்லை. நானும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.