அபாங்கைத் தேடிப் போன ஞாயிறு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் என்றால் நீல நிறம். பள்ளிப் பாடப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அம்மா மோரிப் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் பிறந்தவள். அவள் சொன்ன கடல் வேறு. மற்ற அம்மாமார் கோயில்களின் பெயரைச் சொல்வதுபோல அவள் சில இடங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். தேங்காய்ப் பருப்பைக் காயவைக்கும் புகைக்கொட்டகை, உப்புத்தண்ணீர் தோட்டத்துக்குள் ஏறாமல் தடுக்கும் நீளமான மண்மேடு, அதன் நடுவே தண்ணீரைத் திறந்துவிடும் மரக்கதவு, கதவுக்கு அப்பால் சேறு, சேற்றுக்கு அப்பால்தான் கடல். சொல்லும்போது சோற்றுக்கரண்டி கையிலேயே நின்றுவிடும். அந்த இடங்களை நான் பார்த்ததே இல்லை. எங்களிடம் கார் கிடையாது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, தோட்டத்து உறவுக்காரர் ஒருவர் ஏதோ கல்யாணத்துக்காகக் கோலாலம்பூர் வந்தவர், எங்கள் வீட்டிலும் எட்டிப் பார்த்தார். போகிற போக்கில், "அபாங் மெக்காவுக்குப் போறாரும்மா. இந்த வாரம் கப்பல்" என்றார்.

அபாங் என்றால் மலாயில் அண்ணன். பாசாரில் மீன் விற்கிறவரும் அபாங், பஸ் கண்டக்டரும் அபாங். ஆகவே எனக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை. அம்மாவோ, அவர் போனதும் அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அவங்க அம்மா செத்தப்பவும் போக முடியல. இவரையும் பாக்காம விட்டுட்டா நான் மனுசியே இல்லைங்க."

அபாங்கின் அம்மா, அந்த மலாய்க்கார அம்மாள், இறந்தபோது நான் பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்ததாம். பிள்ளை பெற்றவளை யாரும் வாசலைத் தாண்ட விடவில்லையாம். பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த அம்மாள் ஒருத்திக்காக இத்தனை வருடம் கழித்தும் கண் கலங்குவானேன் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்தக் காலத்தில் ஹஜ் யாத்திரை என்பது கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறிப் பல மாதங்கள் போய்வருகிற காரியம். போன வயசாளிகளில் சிலர் திரும்புவதில்லை. அதனால் புறப்படுகிறவர்கள் தெரிந்தவர்களையெல்லாம் பார்த்து, செய்த பிழை பொறுக்கச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அப்பா கூட்டாளியிடம் கார் இரவல் வாங்கி வந்தார். முன் சீட்டில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவள் அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்களோடுதான் இருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வெளி இடங்களில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள் என்பதால் பெரிய பிளாஸ்கில் கோப்பியும் தானே கலந்து எடுத்துக்கொண்டாள். வெயிலில் பால் கெட்டுப்போகும் என்று கறுப்புக் கோப்பி.

கிள்ளான் தாண்டி, பந்திங் தாண்டி, தென்னைகளுக்குள் கார் நுழைந்ததும் அம்மா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டாள். தூரத்தில் ஜுக்ரா குன்று தெரிந்தது. அதைப் பார்த்து, ஊர் எல்லைச் சாமியைக் கண்டவள்போல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தை திரும்பிப் பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

அபாங் வீட்டில் இல்லை. அவர் மனைவி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் இன்னும் வரவில்லை, சாயங்காலம் மகன் வந்து துறைமுகத்துக்கே கூட்டிப்போகிறான், சொந்தக்காரர் வீட்டில் தங்கிக் கப்பலேறுவார் என்றாள். எங்கே போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

அதன் பிறகு அப்பா ஓட்டியதை விட அம்மா ஓட்டியதுதான் அதிகம். இங்கே திருப்புங்க, அங்கே நிறுத்துங்க என்று அதிகாரம் செய்தாள். வீட்டில் அப்பாவிடம் உப்பு வேண்டுமா என்று கேட்கவே தயங்குகிறவள். முதலில் புகைக்கொட்டகை. கருகிய தேங்காய் வாசனை தொண்டையைப் பிடித்தது. அங்கே நின்றிருந்த தமிழர், "இப்பத்தான் வந்தாரு, எல்லார் கையையும் புடிச்சிப் பேசிட்டுப் போனாரு லா" என்றார். அடுத்து, ஒரு வாய்க்கால் ஓரத்து மரத்தடி. அங்கே யாருமில்லை. "இங்கதான் நாங்க மீன் புடிப்போம்" என்று என்னிடம் சொன்னாள். யார் அந்த நாங்கள் என்று நான் கேட்கவில்லை.

மண்மேட்டை அடைந்தபோது சைக்கிள் மரக்கதவின்மேல் சாய்ந்திருந்தது. ஆளைக் காணோம். நாங்கள் மேட்டின்மேல் ஏறிப் பார்த்தோம்.

கடல் இல்லை. அது எங்கோ போய்விட்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு மினுமினுத்தது. நண்டுகள் குழிக்குள் ஓடின, கொக்குகள் நின்றன. எனக்கு அழுகை வரும்போலிருந்தது. நீலக் கடலைப் பார்க்கலாம் என்று இத்தனை தூரம் வந்தால் சேற்றைக் காட்டுகிறார்களே!

அம்மாவோ கையை நெற்றியில் வைத்து, "அதோ" என்றாள். சேற்றின் கடைசியில், தண்ணீரோரம், ஓர் ஆள் புள்ளியாகத் தெரிந்தார். அம்மா கூவினாள். காற்று எதிராக அடித்தது. மறுபடி கூவினாள். அவர் திரும்பவில்லை.

"தண்ணி ஏறப்போகுது, கொஞ்சம் இரு. தானா வருவாரு" என்றார் அப்பா.

அம்மா இருக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கால் வைக்கும் இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது, கெட்டித் தரைபோல நடந்தாள். "ஐயோ, இது என்னா கூத்து!" என்று அத்தை தலையில் கைவைத்தாள். அப்பா அத்தையைச் சமாதானம் செய்துகொண்டிருந்த நேரத்தில் நான் அம்மா பின்னால் ஓடினேன். நான் வைத்த இடம் கெட்டியாக இல்லை. முழங்கால்வரை உள்ளே போனது. இன்னொரு காலை ஊன்றினேன், அதுவும் போனது. இழுக்க இழுக்கச் சேறு இன்னும் இறுக்கிப் பிடித்தது.

நான் கத்திய கத்தல் இன்றைக்கும் அந்தக் கரையில் யாருக்காவது நினைவிருக்கும். அம்மாவின் குரலுக்குத் திரும்பாத அந்த மனிதர் என் குரலுக்குத் திரும்பினார். ஓட்டமாக வந்தார். ஒல்லியான, முன்தலை நரைத்த ஆள், கட்டம்போட்ட கைலி. அதற்குள் அம்மா திரும்பி வந்து இழுத்தும் நான் வெளியே வரவில்லை. அவர் வயிற்றைச் சேற்றில் பதித்துப் படுத்து, என் இடுப்பைப் பிடித்து அசைத்து அசைத்து வெளியே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அடேக்" என்றார். தங்கை.

கரையில் ஒரு சவுக்கு மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு அவர் அப்பாவின் கையைக் குலுக்கினார். அத்தைக்கு எட்ட நின்று, நெஞ்சில் கைவைத்துத் தலையை மட்டும் தாழ்த்தினார். மெக்காவுக்குப் போகிறவர், மார்க்கம் தவறாதவர், அந்நியப் பெண்ணைத் தொடமாட்டார். அத்தைக்கு அது பிடித்திருந்தது. பிளாஸ்கைத் திறந்து அவருக்கே முதல் கோப்பையை ஊற்றினாள். ஆனால் அடுத்த நிமிடமே அவர் அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தம் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுத்தால்கூட விரல் படாமல் வாங்குகிற அம்மா, கையை இழுத்துக்கொள்ளவில்லை. அத்தையின் முகம் மாறிப்போயிற்று.

இருவரும் மலாயில் பேசினார்கள். அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக் குரல் இல்லை அது. யாரிடமோ வம்புக்கு நிற்கிற சின்னப் பெண்ணின் குரல். கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அவர், சின்ன வயதில் அடித்தது, திட்டியது எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். அம்மா தலையாட்டினாள். அப்புறம் அவள் சொன்னதில் ஒரு சொல் எனக்குப் புரிந்தது. சூசு. பால். தெருமுனைக் கோப்பிக் கடையில் தினமும் கேட்கிற சொல்தான். நான் குடித்த பாலை எனக்கு ஹலாலாக்கிக் கொடுங்கள், மனமார எனக்கே உரியதாக விட்டுக்கொடுங்கள், அது உங்கள் பங்கு, உங்கள் அம்மாவிடம் கேட்க முடியாமல் போயிற்று, அதனால் உங்களிடம் கேட்கிறேன் என்று அம்மா கேட்டாள். இதை முழுதாகப் புரிந்துகொள்ளும் மலாய் எனக்கு வரப் பல வருடமாயிற்று.

அவர் அம்மாவின் தலையில் கையை வைத்தார். சேற்றின் மேல் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி வந்துகொண்டிருந்தது.

அவர் நல்லபடியாகத் திரும்பி வந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில மாதங்கள் கழித்து எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வெள்ளைத் தொப்பியோடு, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு நின்றார். வெளியில் எதையும் வாயில் வைக்காத அத்தைதான் முதல் பழத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அத்தை கொதித்துக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டதும் அப்பா பக்கம் சாய்ந்து, "என்னா தம்பி இது? ஊர் பேர் தெரியாத ஆம்பளை கையைப் புடிச்சிக்கிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார். அம்மா பிறந்த கையோடு அவளைப் பெற்றவளுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டதாம். தோட்டத்தில் யாரிடமும் பால் இல்லை. பிள்ளை பிழைக்காது என்று விட்டுவிட்டார்கள். மண்மேட்டை ஒட்டி இருந்த கம்பத்திலிருந்து, இடுப்பில் தன் மகனோடு ஒரு மலாய்க்கார அம்மாள் வந்து, ஒரு பக்கம் மகனையும் மறுபக்கம் அம்மாவையும் போட்டுக்கொண்டாளாம். பல் முளைக்கும்வரை அப்படித்தான். "அவங்க மார்க்கத்துல அது கூடப் பொறந்த மாதிரிதான் அக்கா. அதான் தொடலாம்" என்றார்.

எனக்கு அப்பா சொன்னதில் பாதி காதில் விழவில்லை, விழுந்ததில் பால் என்பது மட்டும் தங்கியது. அந்த மரத்தடியிலிருந்தே ஒரு சந்தேகம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அம்மாவைத் தட்டி எழுப்பினேன்.

"அத்தை கலக்கினது பாலே போடாத கோப்பிதானேம்மா? நீங்க ஏன் அவர்கிட்ட பாலு கேட்டீங்க?"

அம்மா தூங்கியிருக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கண் நனைந்திருக்க, சிரித்தாள்.

"அது வேற பாலு."

நான் விடவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பால்தான் உண்டு. "டின் பாலா, மாட்டுப் பாலா?" என்றேன்.

முன் சீட்டிலிருந்து அத்தை பின்னால் கையை நீட்டினாள். எனக்குத்தான் என்று நினைத்து என் கையைக் கொடுத்தேன். அவள் அதை மெல்ல விலக்கிவிட்டு, அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். டின் பாலாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு தூங்கிப்போனேன்.