மாமா பார்த்த வீடுகள்

விற்பனைக்கு வந்த வீடு எதுவானாலும் மாமா முதலில் ஜன்னலுக்குத்தான் போவார். பேன்ட் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, குழாயில் நனைத்துப் பிழிந்து, ஜன்னலின் அடிவிளிம்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாகத் துடைப்பார். பிறகு அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். வீட்டை விற்க வந்தவரும் புரோக்கரும் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கறுப்பாக வந்தால் நிலக்கரி, வெளுத்த சாம்பலாக வந்தால் அனல்மின் நிலையம், செம்மண்ணாக வந்தால் வெறும் தெருப்புழுதி, பரவாயில்லை. மூன்றில் எது வந்தாலும் அவர் உடனே வாயைத் திறக்க மாட்டார். கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போவார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். துறைமுகத்தில் ஒரு தனியார் ஷிப்பிங் ஏஜென்டிடம் டாலி கிளார்க்காக இருந்தார். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைச் சரிபார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலை. கிழிந்த மூட்டை, நசுங்கிய பெட்டி, ஈரம்பட்ட கட்டு எதையும் விடாமல் கண்டுபிடித்து அதற்கு எதிரே ‘டேமேஜ்’ என்று எழுத வேண்டும். எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் நஷ்டம் கம்பெனியின் தலையில் விழும். முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீடு பார்க்கப் போகிறவர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒருவர் பைக்கோடு வாசலில் நிற்பார். கூலி ஒரு டீ. மாமா ஜன்னல்களைப் பார்த்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரைத் தெருவில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்ப்பார். பக்கத்து வீட்டு மதில்களில் பழைய மழைத் தண்ணீர் நின்ற கறையைத் தேடுவார். மொட்டை மாடியில் துணி உலர்த்தும் பெண்களிடம் எத்தனை மணிக்குத் துணி போடுவீர்கள், எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று கேட்பார். புகை எந்நேரம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். புரோக்கர் பொய் சொல்வான், துணிக்கொடி பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. காசிமேட்டில் படகை விற்ற பணத்தை வைத்துக்கொண்டு பட்டா இல்லாத மனையை வாங்க இருந்த ஒருவரை அவர் தடுத்திருக்கிறார். அந்தக் குடும்பம் இன்றைக்கும் தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் பலகாரம் கொடுத்து அனுப்புகிறது. மாமாவைக் குறைசொல்ல உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகாரத் தட்டும் ஞாபகம் வந்து தொலைக்கும்.

ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்த மாமாவும் அக்காவும் இருந்தது வாடகை வீட்டில். ஒன்பது வீடு மாறியிருக்கிறார்கள். அக்கா ஜாக்கெட் தைப்பாள், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பாள். மோட்டார் வைத்த மெஷின். வீட்டு ஓனர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே மீட்டர் ஓடுவது கண்ணில் தெரியும்போல. யூனிட்டுக்கு அவர்கள் வைத்ததுதான் ரேட்டு. ஒரு ஓனரம்மா, ராத்திரி எட்டு மணிக்கு மேல் மெஷின் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஓடவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருப்பார். அக்கா ஒருநாள் நூலைக் கோத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “எம்பேர்ல ஒரு கரண்ட் கார்டு இருந்தா போதும்டி. எவ்ளோ வந்தாலும் கட்டிட்டுப் போறேன்.” நகை, பட்டு என்று அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. இது ஒன்றுதான்.

அது கிடைத்திருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை, ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திருவொற்றியூரில் அரை கிரவுண்டில் ஒரு வீடு, ஆறு லட்சம் சொன்னார்கள். புரோக்கர் எங்களைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டிப்போனார். கடல்காற்று சும்மா அள்ளிக்கொண்டு போயிற்று. முன்பக்கம் ஒரு சின்ன அறை, தெருவைப் பார்த்த ஜன்னலோடு. அக்கா உள்ளே போனவள் வெளியே வரவேயில்லை. மெஷினை எங்கே போடலாம், துணி கொடுக்க வருகிறவர்கள் எங்கே உட்காரலாம் என்று கையால் அளந்துகொண்டிருந்தாள். கைக்குட்டையும் சுத்தமாக வந்தது. மாமாவிடம் கொஞ்சம் கையிருப்பு இருந்தது, மீதிக்கு லோன் தருவதாக ஒரு சொசைட்டியில் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருக்கலாம். நாளைக்குச் சொல்கிறேன் என்று மாமா சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அவர் தனியாக சைக்கிளில் அந்தத் தெருவுக்குப் போய் நின்றிருக்கிறார். காலையில் எங்கள் பக்கம் காற்று தலைகீழாகிவிடும், மேற்கேயிருந்து வீசும். மேற்கே இருப்பது தொழிற்சாலைகள். கண் எரிகிறது, கேஸ் நாற்றம் தாங்கவில்லை, அதனால்தான் புரோக்கர் சாயங்காலமாகக் கூட்டிப்போனான் என்று வந்து சொன்னார். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தத் தெருவுல அம்மாம் பேர் கீறாங்களே, அவங்கள்லாம் மனுசங்க இல்லியா?”

“அவங்க தெரியாம வாங்கிட்டாங்க. நான் தெரிஞ்சே வாங்கணுமா?” என்றார் மாமா.

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. ஆனால் அப்போது அவர்கள் குடியிருந்த வாடகை வீடு அங்கிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. அதே காற்றுதான் அங்கேயும் வீசியது. வாடகைக்கு இருக்கும்போது நாற்றம் ஓனருடையது, சொந்தமாக வாங்கினால் நம்முடையது என்று நினைத்தாரோ என்னவோ.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகள். அத்திப்பட்டில் ஒன்று சாம்பலால் போயிற்று. மீஞ்சூரில் ஒரு மனையின் தாய்ப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துக் குறைந்தது. எண்ணூரில் ஒன்று மதிலில் இருந்த தண்ணீர்க் கறையால் போயிற்று. குறையே அகப்படாத வீடு வந்தால் விலை குறுக்கே நின்றது. மாமாவுக்குப் போன வருஷத்து விலைதான் நியாயமான விலை. பதினொரு லட்சம் என்றால், போன வருஷம் இதே தெருவில் எட்டுக்குப் போனதே என்பார். பதினெட்டு என்றால் அந்தப் பதினொன்றைச் சொல்வார். வேண்டாமென்று விட்டுவந்த விலையையே அடுத்த வருஷம் கேட்டுக்கொண்டு போய் நிற்பார். சம்பளம் உயர்ந்தது உண்மைதான், அது படியேறியது, விலை லிஃப்டில் போயிற்று. அக்கா அளந்து பார்த்த அந்தத் திருவொற்றியூர் வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டி, ஒரு மாடியை மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்றதாகக் கேள்விப்பட்டபோது மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தென்சென்னைக்காரர். உங்கள் பக்கம் வீடெல்லாம் சும்மா கிடைக்குமே என்பார். அடையாறில் ஒரு பெட்ரூமுக்குச் சொல்கிற விலையில் கொடுங்கையூரில் முழு ஃப்ளாட்டே வரும் என்பது வாஸ்தவம். ஆனால் அடையாறில் சம்பாதிக்கிறவனுக்குத்தான் அது மலிவு. பத்திரச் செலவு, வக்கீல், புரோக்கர் கமிஷன், கரண்ட் கனெக்‌ஷன், தண்ணி கனெக்‌ஷன், கார் இல்லாதவனிடமும் கார் பார்க்கிங் பணம் என்று, சொன்ன விலைக்குப் பின்னால் இன்னொரு விலை ஒளிந்துகொண்டிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது நாங்கள் வாங்கியபோதுதான்.

ஆமாம், நாங்கள் வாங்கினோம். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு சம்பளத்தைக் காட்டி லோன் போட்டு, கொடுங்கையூரில் இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட். குப்பைமேடு இருப்பதால்தான் அந்த விலைக்குக் கிடைத்தது என்று எங்களுக்கும் தெரியும். ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் வீடு பார்த்த மாமாவை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வேண்டாமென்பார், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், பிறகு எனக்கு வாங்கத் தைரியம் வராது. ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்து, கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு போய்த்தான் சொன்னேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். மாமா பத்திரிகையில் இருந்த விலாசத்தை இரண்டு முறை படித்தார். அவரிடம் மறைத்ததற்காக எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

கிரகப்பிரவேசத்துக்கு எவர்சில்வர் குடத்தோடு வந்தார்கள். ஹோமப் புகை போக ஜன்னலைத் திறந்ததும் வெளியிலிருந்து வேறு புகையின் வாடை உள்ளே வந்தது. நான் மாமாவைத்தான் பார்த்தேன். அவர் கைக்குட்டையை எடுக்கவில்லை. மூன்று அறைக்கும் போய், ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வரும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

“பாப்பா, இந்த பில்டிங்ல இன்னொன்னு இருக்குமா?”

மேல்மாடியில் ஒன்று விற்காமல் இருந்தது. பில்டரிடம் கேட்டேன். நாங்கள் கொடுத்ததைவிட ஏழு லட்சம் கூடச் சொன்னார். மாமா இந்தத் தடவை போன வருஷத்து விலையைப் பேசவில்லை. சரி, பேங்குக்குப் போகலாம் என்றார். நானே கூட்டிக்கொண்டு போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். வயது ஐம்பத்தாறு, ஓய்வுக்கு இரண்டு வருஷம், பென்ஷன் கிடையாது, பிள்ளைகள் யாராவது கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் போடுகிறேன் என்றேன். என் சம்பளத்தில் ஏற்கெனவே ஒரு லோன் ஓடுகிறதென்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு வருஷத்தில் அடைக்கிற மாதிரி தவணை போட்டால் அவர் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு வந்தது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். இரண்டு பஸ் வந்தது, ஏறவில்லை. “கடைசில டேமேஜை எம்மேல எழுதிட்டாங்க பாப்பா,” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இப்போது அவர் ஓய்வுபெற்று நாலு வருஷமாகிறது. வந்த பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து புதுவண்ணாரப்பேட்டையில் லீஸுக்கு இருக்கிறார்கள். மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது கொடுத்த பணம் திரும்பி வரும். கரண்டுக்கு மட்டும் இங்கேயும் ஓனர் வைத்ததுதான் ரேட்டு. மாமா எங்கும் போவதில்லை, முழங்கால் வலி. ஆனாலும் ஊர் அவரை விடவில்லை, போனில் கேட்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போயிருந்தேன். அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அப்போது மாமாவின் பழைய கம்பெனிப் பையன் ஒருவன் போன் செய்தான். காது மந்தமாகிவிட்டதால் மாமா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், எங்களுக்கும் கேட்டது. எண்ணூரில் ஒரு வீடு, முப்பத்தெட்டு லட்சம் சொல்கிறார்கள், மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்குமாம், காலையில் கொஞ்சம் வாடையும் இருக்கிறது, மனைவிக்குப் பிடித்திருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டான். அந்தத் தெரு மாமாவுக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் அதே வரிசையில் ஒரு வீட்டை வேண்டாமென்று விட்டுவந்தவர் அவர்.

“வாங்கிடு நைனா,” என்றார். “தண்ணி ரெண்டு நாள்ல வடிஞ்சிடும். வெலை எறங்காது. ஒன் வூட்டுக்காரம்மாவுக்குப் புடிச்சிருக்குது இல்ல? அட்வான்ஸ இன்னைக்கே குட்த்துடு.”

அவன் நன்றி சொல்லி வைத்துவிட்டான். மெஷின் நின்றிருந்தது. அக்கா திரும்பி உட்கார்ந்து மாமாவைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, நேரம் என்ன என்று கேட்பதுபோல மெதுவாகத்தான் கேட்டாள்.

“இத்த எனக்குச் சொல்லிருக்கலாம் இல்ல?”

மாமா கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஓனர் வீட்டில் குக்கர் விசிலடித்தது. அக்கா திரும்பி, பாதியில் நின்ற தையலை ஊசிக்குக் கீழே சரியாக வைத்து, மறுபடி மெஷினை ஓட்டினாள்.