பூட்டிய லேபில் ஐந்து நாள் பயிற்சி

1. கையெழுத்து

நான் கணக்கு டீச்சர். நகரி பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் ஹைஸ்கூல். கம்ப்யூட்டர் பாடத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குப் பைத்தான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கோ ஒரு புரோகிராம் கூட ஓட்டத் தெரியாது. அதனால் திருப்பதியில் ஐந்து நாள் பயிற்சி என்றதும் ஆசையாகத்தான் போனேன்.

இரண்டரை நாள் திரையில் ஸ்லைடு ஓடியது. நாற்பது ஆசிரியர்கள் உட்கார்ந்து நோட்டில் எழுதினோம். கம்ப்யூட்டர் பாடத்தை நோட்டில் எழுதிப் படித்த கூட்டம் நாங்கள்தான். பக்கத்து அறையில் இருபது கம்ப்யூட்டர்கள், பிளாஸ்டிக் உறை கூடக் கழற்றாமல், பூட்டிக் கிடந்தன.

மூன்றாம் நாள் மதியம் ஒரு படிவம் வந்தது. ‘லேப் பிராக்டிஸ் முடித்தேன்’ என்று அச்சடித்திருந்தது. சாப்பாட்டு அவசரத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை.

2. ரிஜிஸ்டர்

லேப் இன்சார்ஜ் தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். நேராக என்னிடம் வந்தார்.

“எல்லாரும் போட்டுட்டாங்க மேடம். உங்களுக்கு இன்னா?”

“மவுஸையே தொடல சார். முடிச்சேன்னு எப்படிப் போடறது?”

“வத்து மேடம், வேணாம். ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என் பேர் கீது. ஒண்ணு ரிப்பேர் ஆனா மெமோ எனக்குத்தான் வரும்.”

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளியில் பொருளை உபயோகிக்காதவனை யாரும் கேட்பதில்லை. உபயோகித்து உடைத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அந்த ரிஜிஸ்டரைக் கொண்டாங்க சார். என் பேர எழுதறேன்.”

அப்போது பக்கத்தில் இருந்த கிரேஸ் வாயைத் திறந்தாள். சித்தூரில் ஒரு பள்ளியில் வேலை, என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. உங்க ஸ்கூல் லேப் மட்டும் தொறந்தா கீது? சாவிய நீங்கதானே பையில வச்சிக்கினு சுத்தறீங்க? காலையில நீங்களே சொன்னீங்க.”

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவள் சொன்னது உண்மை. இரண்டு வருஷமாக என் பிள்ளைகள் ஜன்னல் வழியாகத்தான் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். கேட்டால், வோல்டேஜ் சரியில்லை என்பேன். எனக்கும் மெமோ பயம்தான்.

அவர் கொண்டுவந்த ரிஜிஸ்டரில் எழுதினேன்: ‘பயிற்சி முடியும்வரை இந்த லேபில் எது பழுதானாலும் நானே பொறுப்பு.’ கிரேஸ் பேனாவைப் பிடுங்கித் தன் பெயரையும் போட்டாள். மொத்தம் பதினொரு பேர் போட்டார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கதவு திறந்தவுடன் முதல் வரிசையில் இடம் பிடித்தவர்களும் அவர்கள்தான்.

3. கணக்கு

நான்காம் நாள் ஒரு மானிட்டர் செத்தது. ரிஜிஸ்டரில் முதல் பெயர் என்னுடையது என்பதால் எனக்கு மெமோ வந்தது. ‘பழுதானது உண்மை. நாற்பது பேர் பழகினோம்’ என்று இரண்டு வரி பதில் எழுதினேன். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை என் லேபைத் திறந்தேன். பத்தில் நான்கு ஓடவில்லை. எலி ஒயரைக் கடித்திருந்தது, உள்ளே துரு ஏறியிருந்தது. நாற்பது பேர் உபயோகித்துக் கெட்டது ஒன்று. நான் பத்திரமாகப் பூட்டி வைத்துக் கெடுத்தது நான்கு. அந்த நான்குக்கு எனக்கு மெமோ தர ஆள் இல்லை. வெட்கமாக இருந்தது. மிச்சம் இருந்த ஆறில் ஒன்பதாம் வகுப்பை உட்கார வைத்தேன்.

அந்தப் பதினொரு பேரும் இன்றும் மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவருடைய பள்ளி லேபில் கூடுகிறோம். ஒருவருக்குத் தெரியாததை இன்னொருவர் சொல்லித் தருகிறோம். புதிதாகச் சேருகிற டீச்சர்கள் முதலில் கேட்பது, பிள்ளைகள் எதையாவது உடைத்துவிட்டால் என்ன செய்வது என்றுதான்.

உடைக்கட்டும். கையெழுத்துப் போட நாங்கள் இருக்கிறோம்.